கண்ணாடி இழைக்கு வைத்த பொட்டு

எங்கள் பவுண்டரியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் முதலில் இளநீர் கொடுப்பார்கள். அடுத்தது என் பெட்டியைக் காட்டுவார்கள். பேனல் ரூமில் செம்புப் பட்டையைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு இழை, அது வந்து சேருமிடத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, அதன் முகப்பில் பச்சையாக ஓடும் ஓர் எண். "எங்க ஊட்டு மருமக செஞ்சதுங்க. வெளிச்சத்த வெச்சே கரண்ட அளந்துபோடுமுங்க" என்று என் கணவரின் அண்ணன் சொல்வார். என் கணவர் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். அந்த எண் பொய்.

இதைச் சொல்லி எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் வயிற்றெரிச்சலை எவ்வளவு காலம்தான் உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில்தான் அந்தப் பெட்டி பிறந்தது. முனைவர் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட வேலை, கண்ணாடி இழையை வைத்து மின்சாரத்தை அளப்பது. கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இவ்வளவுதான். முடி போல மெல்லிய கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை அனுப்புகிறோம். அந்த இழையை மின்சாரம் ஓடும் பட்டையைச் சுற்றிக் கட்டுகிறோம். கரண்டைச் சுற்றி எப்போதும் ஒரு காந்தசக்தி இருக்கும். அது உள்ளே போகும் வெளிச்சத்தை, ஈரத்துணியைப் பிழிவது போலக் கொஞ்சம் திருகிவிடும். கரண்ட் கூடினால் திருகலும் கூடும். திரும்பி வரும் வெளிச்சத்தை இரண்டு முனைகளாகப் பிரித்து, வெளிச்சத்தை உணரும் இரண்டு கண்களால் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் எவ்வளவு திருகியது என்று தெரிந்துவிடும். அதோடு வோல்டேஜையும் சேர்த்தால் எவ்வளவு பவர் ஓடுகிறது என்று பெட்டி சொல்லிவிடும். பட்டையை அறுக்க வேண்டாம், மெஷினை நிறுத்த வேண்டாம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதால் கைக்கும் பயமில்லை.

இதைச் சொல்ல ஒரு பத்தி போதும். செய்ய ஆறேழு வருஷம் ஆனது. நடுவில் கல்யாணம், பிள்ளை, பிள்ளைக்குக் காய்ச்சல், ஆய்வகத்தில் ஏசி ரிப்பேர் என்று எல்லாம் வந்து போயின. ஜாதகம் பார்த்துத்தான் கல்யாணம் நடந்தது என்றாலும் என் கணவர் அதே கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்தவர். சாயங்காலம் என்னை அழைத்துப்போக வருபவர் அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இழையைச் சுற்றும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு கண் எதற்கு, ஒன்று போதாதா என்று முதலில் கேட்டவர் அவர்தான். விளக்கியதும் புரிந்துகொண்டவரும் அவர்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பவுண்டரி இருப்பது பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் தென்னந்தோப்பை ஒட்டி. பம்ப்செட்டுக்கு வேண்டிய வார்ப்புகள் செய்கிறோம். நடத்துவது கணவரின் அண்ணன். பெரிய மாமா என்று கூப்பிடுவேன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். லோடுமேனைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். அந்த மரியாதையோடு சண்டை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கத்துகிறவரோடு நாமும் கத்தலாம். "ஆகட்டுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரை என்ன செய்வது.

பெரிய மாமாவுக்கு இன்னொரு பர்னஸ் போட ஆசை. இரும்பை உருக்கும் மின்சார உலை அது. இருக்கிற டிரான்ஸ்பார்மரே இரண்டாவது உலையையும் தாங்கும் என்பது அவர் கணக்கு. பேனலில் இருந்த பழைய மீட்டர் அப்படித்தான் காட்டியது. வாசலில் இருக்கும் ஈபி மீட்டர் பவுண்டரி, மெஷின் ஷாப், கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் மொத்தமாகத்தான் கணக்குச் சொல்லும். உலை மட்டும் எவ்வளவு இழுக்கிறது என்று அதில் பார்க்க முடியாது. அப்போதுதான் என் கணவர் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தார்.

"இவ செஞ்ச சென்சார மாட்டிப் பாத்துரலாங்கண்ணா. எதுக்கும் ஒருக்கா தெரிஞ்சுக்கறது நல்லதுதானுங்க."

"அட, அம்மணி செஞ்சத நம்மூட்டுல மாட்டாம வேற எங்க மாட்டறது" என்றார் பெரிய மாமா. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். கல்லூரி மேஜையில் எதை வேண்டுமானாலும் அளந்து காட்டலாம். புழுதியும் சூடும் உள்ள ஒரு நிஜமான பவுண்டரியில், என் சொந்த வீட்டுக்காரர்கள் முன்னால், அது வேலை செய்ய வேண்டும். இந்த வீட்டில் நான் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டா இல்லையா என்பது அதோடு தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரிந்தும்விட்டது.

மாட்டி முடித்து உலையில் முதல் உருக்கு தொடங்கியதும், பழைய மீட்டர் காட்டியதைவிட என் பெட்டி நன்றாகவே கூடுதலாகக் காட்டியது. பெரிய மாமா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அந்த மீட்டரு எங்கப்பா வெச்சதுங்க அம்மணி. இத்தன வருசத்துல ஒருநாளும் தப்பாக் காட்டுனதில்லீங்க."

தப்பாகக் காட்டுகிறதா இல்லையா என்று யார், எதை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பொறுமையாக விளக்கினேன். பழைய மீட்டர் ஒரு இரும்பு வளையத்தை நம்பி இருக்கிறது. கரண்ட் ஒழுங்காக வந்தால் அது ஒழுங்காகச் சொல்லும். உலைக் கரண்ட் அப்படி வராது, வெட்டி வெட்டி வரும். ஓர் அளவுக்கு மேல் அந்த வளையத்தால் ஈடுகொடுக்க முடியாது, பாதியை விட்டுவிடும். கண்ணாடியில் இரும்பே இல்லை, அதனால் எதையும் விடாது. இந்த டிரான்ஸ்பார்மரில் இரண்டாவது உலைக்கு இடமில்லை, பெரியது ஒன்று வாங்காமல் உலையை இறக்கக் கூடாது என்றேன்.

"அப்புடீங்களா. பாக்கலாங்க அம்மணி."

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. முடிவு எப்போதோ ஆகிவிட்டது. புது உலையைக் கொண்டுவந்து இறக்கப்போகிறவர் பெரிய மாமாவின் மச்சினன், அதாவது நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியின் தம்பி. மச்சினனுக்குக் கொடுத்த வாக்கு. அதை ஒரு கண்ணாடி இழை வந்து மாற்ற முடியுமா.

ஆயுத பூஜை சமயத்தில் நான் கோபியில் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். சொட்டு மருந்து விடவும், குனிய விடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். பூஜைக்கு நான் இல்லை என்று அக்காவுக்குக் கொஞ்சம் குறை.

எங்கள் பவுண்டரியில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாளே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கழுவ முடிந்ததைக் கழுவுவார்கள். கழுவ முடியாததைக் கழற்றி, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டால் துடைப்பார்கள். அதன்பின் சந்தனம், குங்குமம். லேத்துக்கு, எடை மெஷினுக்கு, லாரிக்கு, டெலிபோனுக்கு, தீயணைப்பு வாளிக்கு, கம்ப்யூட்டருக்கு. எதையும் விடமாட்டார்கள். விட்டால் அந்தப் பொருளை அவமதித்த மாதிரி. மருமகள் செய்த பெட்டியை மட்டும் சும்மா விடுவார்களா. கூடுதல் அக்கறையோடு துடைத்திருக்கிறார்கள். இழையின் முனைகளைத் திருகிக் கழற்றி, எண்ணெய்க் கறை படிந்த பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் தேய்த்து, முனைகள் போய்ச் சேரும், உள்ளே அந்த இரண்டு கண்களும் இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மறுபடி திருகி மாட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் போகும் வழி அது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

விஜயதசமியன்று மறுபடி உலையை ஓட்டியதும் அவர், என் கணவர், எனக்குப் போன் செய்தார்.

"அம்மணி, உன்ற பெட்டி சரியாயிருச்சு."

"சரியாயிருச்சுன்னா என்னங்க. என்ன ஆச்சு அதுக்கு?"

"பழைய மீட்டரும் அதும் இப்ப ஒண்ணாக் காட்டுது. அண்ணனுக்கு நெம்பச் சந்தோசம். சாமி கும்பிட்டதுந்தான் சரியாச்சுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டு இருக்கறாரு."

போனை வைத்துவிட்டு அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டேன். அம்மாவின் கன்னத்தில்தான் பாதி மருந்து போனது. ஒருவேளை என் கணக்குதான் தப்போ என்று முதன்முறையாக நினைத்தேன். அந்த நாலைந்து நாட்கள் எனக்கு நரகம். கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவிநாசி வரும்வரை ஒவ்வொரு சமன்பாட்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் தப்பில்லை. ஆனாலும் பயம் குறையவில்லை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேராகப் பேனல் ரூமுக்குப் போனேன். பெட்டியின் நடுவில் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கிடந்தது. வெளிச்சம் குறைந்தால் எரிவதற்கென்று நான் வைத்த சின்னச் சிவப்பு விளக்கின் மேலேயே சரியாக வைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருந்ததோ பாவம்.

முனைகளைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கண்ணில் லேசாகத்தான் ஒட்டியிருந்தது. இன்னொரு கண்ணை சந்தனமும் குங்குமமும் பாதிக்குமேல் அடைத்திருந்தன. இரண்டு கண்ணும் சமமாகப் பார்த்தால்தான் வித்தியாசம் சரியாக வரும். ஒன்று மங்கினால் எண் இறங்கும். இறங்கிய எண் பழைய மீட்டரின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது முழுக்க முழுக்கத் தற்செயல். என் பெட்டி பார்வை இழந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அதற்கு மரியாதை வந்தது.

ஸ்பிரிட்டைத் தொட்டு முனைகளையும் ஓட்டைகளையும் நிதானமாகத் துடைத்தேன். மாட்டியதும் எண் பழைய இடத்துக்கே ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். என் கணக்கு தப்பில்லை.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். துடைத்த பஞ்சில் இருந்த சிவப்பைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அண்ணன்கிட்ட இப்பச் சொல்ல வேண்டாம் கண்ணு. பர்னஸ் லாரியில ஏத்தியாச்சு."

"ஏத்துனா என்னங்க? எறக்காம நிறுத்தி வெக்கட்டும். மொதல்ல டிரான்ஸ்பார்மர மாத்தட்டும்."

"நாள் பாத்து வெச்சுப்போட்டாங்க."

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் ரூமில் பெரிய மாமா, அவர், நான் என்று மூன்று பேரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். பெரிய மாமா முழுவதையும் கேட்டார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"பூஜ போட்டதத் தொடச்சுப்போட்டீங்களா, அம்மணி?"

"மாமா, உங்க கண்ணுல சந்தனத்த அப்புனா உங்களுக்குக் கண்ணு தெரியுமுங்களா? அதுக்கும் அப்படித்தானுங்க."

என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, நீயும் படிச்சவன்தான. நீ என்ன சொல்ற?"

நான் என் கணவரைப் பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு இழையின் மறுமுனையைப் பிடித்த மனிதர். இரண்டு கண் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர். நேற்றுத்தான் அந்தப் பஞ்சைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர். மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டும் ஒத்துப்போனப்ப நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு."

அவ்வளவுதான். பெரிய மாமா எழுந்து, "அம்மணி ஊருக்குப் போயிட்டு வந்து களைப்பா இருப்பீங்க, போய்ச் சாப்புடுங்க" என்றார். எவ்வளவு மரியாதை.

நல்ல நாளில் புது உலை இறங்கியது. தேங்காய் உடைத்தார்கள். அக்காவின் தம்பிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு உலையும் சேர்ந்து ஓடும்போது என் பெட்டி காட்டிய எண், அந்த டிரான்ஸ்பார்மரின் மேல் அடித்திருக்கும் அளவைத் தாண்டி நின்றது. கணவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். "பாக்கலாம்" என்றார். அண்ணனிடம் கற்ற வார்த்தை. பிறகு நான் பேனல் ரூமுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். சரியாகச் சொல்லும் ஒன்றைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்பது பெரிய கொடுமை.

மாசி முடிந்து வெயில் ஏறியது. பங்குனியில் ஒரு மத்தியானம் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. புகையும் எண்ணெயும் தோப்பு வரை நாறின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் நான் கும்பிடு போடத் தயார். உலைக்குள் உருகியிருந்த இரும்பு அப்படியே இறுகிப்போய், அதை உடைத்து எடுப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றானது.

டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் பார்க்க ஒரு எஞ்சினியர் வந்தார். சின்ன வயசுதான். பார்த்துவிட்டு, "லோடு அதிகமுங்க, தாங்கல" என்றார்.

"அப்புடீங்களா. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் பெரிய மாமா. ஒரு கேள்வி இல்லை. அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார். நான் ஆறு மாதமாகச் சொன்னதை அந்தப் பையன் ஒரே வரியில் சொல்லிவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் கணவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அது பவுண்டரிக்கான காரணம். வீட்டுக்கு வேறு காரணம் இருந்தது. சாயங்காலம் சமையல்கட்டில் அக்கா எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல், சொன்னார்.

"ஏதோ நேரங்காலம் அம்மணி. ஆனா பூஜ போட்டத அப்படித் தொடச்சிருக்க வேண்டாமுங்க. மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

அவர் மட்டும் சொன்னால் பரவாயில்லை. அந்த வாரம் துக்கம் விசாரிப்பது போல வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. "பாத்து இருங்க கண்ணு" என்றார்கள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அறைக்குள் வந்து கணவரிடம் கேட்டேன், நீங்களாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா என்று. "பெரியவங்க ஏதோ சொல்றாங்க, விடு" என்றார். விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் விட்டது அந்தப் பெட்டியை மட்டும் இல்லை.

பெரிய டிரான்ஸ்பார்மர் வந்தது. பவுண்டரி முன்பைவிட நன்றாக ஓடியது. வெளிநாட்டுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். கண்ணாடி இழையைப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்பட்டதும் பெட்டிக்கு மறுபடி மவுசு வந்தது. பெரிய மாமாவுக்கு ஒரே ஒரு குறைதான். ஒரு டன் உருக்க இவ்வளவு பவரா என்று வருகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் ஊரில் இருந்தேன். எல்லாவற்றையும் துடைத்து, இழையின் முனைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். பெட்டியின் முறை வந்ததும் பெரிய மாமா நின்றார். நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும்.

"போன வருசம் பூஜ போட்டப்ப எவ்வளவு நல்லாக் காட்டுச்சுங்க. இந்தத் தடவ உங்க கையாலயே வெச்சிருங்க அம்மணி. எல்லாம் சரியாப் போயிரும்."

ஆட்கள், அக்கா, அக்காவின் தம்பி என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் தாம்பாளத்தோடு என் பக்கத்தில் நின்றார். மோதிர விரலால் சந்தனத்தை எடுத்தேன். சிவப்பு விளக்கின் மேல் முதலில் வைத்தேன். பிறகு ஓட்டைகளுக்கு. முதல் ஓட்டையில் பேருக்குத் தொட்டேன். இரண்டாவதில் விரல் நுனியை உள்ளே கொடுத்து, அழுத்தி, நன்றாக அப்பினேன். மேலே குங்குமம். எங்கே எவ்வளவு வைத்தால் எண் எவ்வளவு இறங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

முனைகளை எடுத்து மாட்டப் போனபோது என் கணவர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் பனியன் வேஸ்ட் ஒன்றை எடுத்தார். ஓட்டையைத் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு முனைகளையும் சந்தனத்தின் மேலேயே வைத்து, ஒழுங்காக, இறுக்கமாகத் திருகினார்.

மறுநாள் முதல் உருக்கில் எண் இறங்கி நின்றது. பெரிய மாமா பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்று என் கணவரும் கும்பிட்டார்.